பினாங்கு ஈரத்துக்கு எந்தப் பேனாக்கத்தி? நான்கு கத்திகளும் என் எரிச்சல்களும்

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் அக்கா மகன் ஒரு படத்தை அனுப்பி, "மாமா, கிளிப் வெச்ச கத்தி, வாங்கலாமா?" என்றான். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு தங்கை, "காரில் வைத்துப் பழம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி சொல்லுங்கண்ணே" என்றார். கோவிலில் என்னோடு தோரணம் கட்டும் பெரியவர் ஒருவருக்கு, சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்த மாதிரி மரப்பிடி போட்ட கத்தி வேண்டுமாம்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், கத்திகளைப் பற்றி நான் புலம்புவது ஊரறிந்த விஷயம். மேசை இழுப்பறையில் பதினோரு மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. அவற்றில் எட்டு, ஏதோ ஒரு எரிச்சலால் ஒதுக்கப்பட்டவை. ஒன்றின் பிடி பிசுபிசுத்துப் போனது, ஒன்றின் கிளிப் கால்சட்டையைக் கிழித்தது, இன்னொன்று எலுமிச்சம்பழம் வெட்டிய மறுநாளே கறுத்தது. போதாததற்கு நான் இடக்கைக்காரன். கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் எங்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

வெளிநாட்டுக் கத்திப் பிரியர்கள் எழுதுவதையும் பேசுவதையும் கேட்டுத்தான் நானும் ஆரம்பத்தில் வாங்கினேன். அவர்கள் குளிர், உலர்ந்த ஊர்களில் இருந்துகொண்டு எஃகின் பெயரையே பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே எஃகு கெடுவதற்கு முன்னால் பிடியும் மூட்டும் திருகாணியும் கெட்டுவிடுகின்றன. அதனால் என் ஒப்பீடு கொஞ்சம் தலைகீழாக இருக்கும்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலாவது ஈரம். வெளியே கடற்காற்று, சட்டைப்பையில் வேர்வை, மோட்டார் சீட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர். அலகு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், தேய்த்துவிடலாம். மூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்தால் கத்தி கரகரக்கும் வரை தெரியாது.

இரண்டாவது நம் பழங்கள். மாங்காய்ப் பால், எலுமிச்சை, கெடொண்டோங், அன்னாசி எல்லாமே புளிப்பு. சௌராஸ்தா சந்தையில் ஜெருக் என்னும் ஊறவைத்த பழங்களை வாங்கிவந்து காரிலேயே நறுக்கித் தின்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் சாணைக்கல்லில் தீட்ட முடியுமா என்பது. நான்காவது, ஒரு கையால் திறக்க முடியுமா, திறந்தால் பூட்டிக்கொள்ளுமா. தோரணம் கட்டும்போது ஒரு கையில் கயிறு இருக்கும். இன்னொரு கைதான் மிச்சம்.

ஐந்தாவதைப் பலர் யோசிப்பதில்லை: சட்டம். மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் 6-வது பிரிவின்படி, சட்டப்படியான நோக்கம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. ஆயுதம் என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருளும் விரிந்தது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதற்குள் வரலாம். பழக்கூடையோடு இருக்கும் கத்தியும், நள்ளிரவில் இடுப்பில் செருகிய கறுப்புக் கத்தியும் ஒரே மாதிரி பார்க்கப்படாது. வேலை முடிந்தால் கத்தி கருவிப்பெட்டிக்குப் போகட்டும். பொத்தானை அழுத்தினால் சீறிக்கொண்டு திறக்கும் வகையை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அதைத் தொடவே வேண்டாம்.

## ஒபினெல் எண் 8: மரப்பிடியின் அழகும் அழிச்சாட்டியமும்

பெரியவர் கேட்டது இந்த மாதிரிதான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் (beech) மரத்தில் ஒரு பிடி, மெல்லிய அலகு, ஓர் ஆணி, சுழலும் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். எண் 8-இன் அலகு எட்டரை சென்டிமீட்டர். நான் பார்த்த எந்த விலையுயர்ந்த கத்தியும் இதைப்போல் வெங்காயம் நறுக்கியதில்லை. அலகு மெல்லியது, முதுகிலிருந்து வாய்வரை சீராகச் சரிந்து இறங்குகிறது. அதனால் காய் பிளந்து தெறிக்காது, வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும்.

இப்போது எரிச்சல். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை வெளுத்து வாங்கும்போது என் ஒபினெலின் அலகு பிடிக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்னும். அலகில் இருக்கும் நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்து நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். சவோய்க்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு போலிருக்கிறது. வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின்நுனியை மேசையில் ஓங்கித் தட்டுவார்கள். அலகின் முனை கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடை மேசையில் இதைச் செய்துகாட்டினால் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள், சொல்லிவிட்டேன்.

நிரந்தர வைத்தியமும் இருக்கிறது. கத்தியை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, பிடியின் பிளவுக்குள் உப்புத்தாளை மடித்து விட்டு லேசாகத் தேய்த்து, பிறகு உருக்கிய மெழுகுவர்த்தி மெழுகை மூட்டுப் பக்கம் ஊறவிட வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. விலைச்சீட்டில் இல்லாத செலவு அது. நல்லெண்ணெய் விடலாம் என்று வீட்டில் சொன்னார்கள், விட்டேன். மூன்று மாதத்தில் மூட்டு கோந்து மாதிரி ஆகிவிட்டது. பழம் வெட்டும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். பழம் வெட்டாத கத்திக்குத் தையல் மிஷின் எண்ணெய்.

அலகில் இரண்டு வகை: கார்பன் எஃகு, துருவேறா எஃகு. பெட்டியில் இனாக்ஸ் என்று போட்டிருந்தால் அது துருவேறாத வகை. கார்பன் நொடியில் கூராகும், அந்தக் கூரும் பட்டுப்போல இருக்கும். ஆனால் மாங்காய் நறுக்கினால் அலகும் கறுக்கும், மாங்காயும் கறுக்கும், நாக்கில் இரும்பு வாசம் வேறு. கத்திப் பிரியர்கள் எழுதும்போது "காலப்போக்கில் அழகான சாம்பல் பூச்சு வரும்" என்பார்கள். வரும்தான். என் கத்தியில் அதற்கு முந்திக்கொண்டு ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்தன. ரப்பர் தோட்டத்தில் என் தாத்தா பால்மரம் வெட்டிய கத்தியும் துருவேறக்கூடிய எஃகுதான். அதற்குத் துருப்பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. தினமும் விடியலில் வேலை, வேலை முடிந்ததும் தீட்டல். வாரத்தில் ஒரு நாள் எடுத்துப் பார்க்கும் கத்திக்குக் கார்பன் வேண்டாம்.

இதைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். வளையம் இடக்கைக்கும் ஒத்துவருகிறது, நகக்குழிதான் வலக்கைக்காரர்களுக்கானது. பார்க்கும் யாருக்கும் பயம் வராத முகம் இதற்கு. சந்தையில் எடுத்தால் "பழம் வெட்டவா?" என்றுதான் கேட்பார்கள்.

## விக்டோரினாக்ஸ்: கத்தி கொஞ்சம், மற்றதெல்லாம் நிறைய

சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை. கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய பட்டறை. 1891-இல் அந்த நாட்டு ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தது. பெயரின் முற்பாதி அவர் தாயார் விக்டோரியாவினுடையது, பிற்பாதி துருவேறா எஃகைக் குறிக்கும் இனாக்ஸ். துருவைப் பெயரிலேயே வென்றவர்கள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் உண்மையிலேயே என் இழுப்பறையில் பன்னிரண்டு வருடமாகத் துருப்பிடிக்காமல் இருப்பது இது ஒன்றுதான்.

எஃகு மென்மையானது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55, 56 இருக்கும். கத்திப் பிரியர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கூர் மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத வட்டத்தில் பத்துத் தடவை இழுத்தால் போதும். அலுவலகத்துப் பேன்ட்ரியிலேயே வேலை முடிந்துவிடும்.

பிடிக்காதவை? நகக்குழி. தேங்காய்த் தண்ணீரில் நனைந்த கையால், நகம் ஒட்ட வெட்டிய விரலால் திறந்து பாருங்கள், புரியும். 91 மில்லிமீட்டர் வகையில் அலகுக்குப் பூட்டு இல்லை. குத்தித் துளைபோடப் போனால் மடங்கி விரலில் இறங்கும். பூட்டு வேண்டும் என்றால் 111 மில்லிமீட்டர் வகைக்குப் போக வேண்டும். அது சட்டைப்பைக்குக் கனம். பல்குச்சி வாங்கிய மாதத்திலேயே தொலையும், அப்புறம் இடுக்கி. தக்கை திருகியைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் வீட்டில் ஒயின் பாட்டில் நுழைந்ததே இல்லை. ஆனாலும் இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. தைப்பூசம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் அன்று அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள்.

டின் திறப்பான் பால் டின்னுக்கு அருமை. ஆனால் வலக்கைக்காரருக்கு அருமை. நான் திறந்தால் டின் சுற்றுகிறது, நான் அல்ல.

மறைந்திருக்கும் செலவு சுத்தம் செய்வது. அடுக்கடுக்கான கருவிகளுக்கு இடையில் பஞ்சும் மணலும் பழச்சாறும் சேர்ந்து ஒரு புதுவகைச் சட்னி உருவாகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலரவிட்டு, மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இதை மாதம் ஒரு தடவை செய்யப் பொறுமை இல்லாதவர்கள், கருவிகள் குறைந்த மாதிரியை வாங்குங்கள். முப்பது கருவிகள் கொண்ட தடித்த மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போதுதான் அழகு.

## கிளிப் வைத்த நவீனக் கத்தி: அக்கா மகனின் காதல்

சட்டைப்பை ஓரத்தில் கிளிப், ஒரு விரல் தட்டினால் திறக்கும் அலகு, உள்ளே தகடு வந்து பூட்டும் லைனர் லாக். கிளிப்பும் அலகில் வட்டத் துளையும் 1981-இல் ஸ்பைடர்கோ என்ற கத்தி நிறுவனம் கொண்டுவந்தவை. இந்தப் பூட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். நல்ல யோசனைகள்தான். ஏணிமேல் நின்று ஒரு கையால் கயிறு அறுக்கும்போது இதன் அருமை தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் புலம்பலில் பாதி இந்த வகையைப் பற்றியதுதான்.

முதலில் அலகின் தடிமன். நான்கு மில்லிமீட்டர் முதுகு வைத்து, "எதையும் தாங்கும்" என்கிறார்கள். காரட்டை வெட்டினால் விறகு மாதிரி பிளக்கிறது. எதையும் தாங்கும் என்று நம்பி நான் பாலிக் பூலாவில் ஒரு டுரியானை நெம்பினேன். முனை போனது, மூட்டும் ஆட்டம் கண்டது. டுரியான் கடைக்காரர் தன் குட்டையான தடித்த கத்தியை எடுத்து ஒரே திருப்பில் திறந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது, பாதி அலகில் ரம்பப்பல். அதுவும் பிடிக்கு அருகில், நாம் அதிகம் அழுத்தி வெட்டும் இடத்தில். அதைத் தீட்டத் தனிக் கருவி வேண்டும். உட்பக்கம் வளைந்த அலகும் அப்படித்தான், சாதாரணத் தட்டைக் கல் அதன் வளைவுக்குள் போகாது.

மூன்றாவது எஃகு. மலிவு விலையில் இப்போது எல்லோரும் டி2 என்று அடித்து விற்கிறார்கள். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருக்கிறது. அப்படியானால் துருவேறாதே என்று நினைக்கலாம். கார்பனும் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருப்பதால், குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நீண்ட நாள் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் வேர்வைப் பையில் இருந்ததில் என்னுடையதில் புள்ளிகள் விழுந்தன. தீட்டுவதற்கும் கோப்பை அடி உதவாது, வைரத் தகடு வாங்க வேண்டும். அதுதான் அடுத்த மறைமுகச் செலவு. இதே வகையில் 14சி28என் என்ற எஃகு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். துருவையும் தாங்கும், வீட்டுக் கல்லிலும் தீட்டலாம். படகில் போய் மீன் பிடிப்பவர்களுக்கு எச்1 என்று ஒன்று உண்டு. கார்பனுக்குப் பதில் பெரும்பாலும் நைட்ரஜனை நம்பிச் செய்தது, கடல்நீருக்கே அசராது. விலைதான் அசரவைக்கும்.

நான்காவது, இந்த ஊருக்கே உரிய எரிச்சல்: ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சுப் பிடி. கடையில் தொட்டால் சுகமாக இருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு சில வருடங்களில் சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்கும். கழுவினாலும் போகாது. என் கத்தி ஒன்று இப்போது ஈ பிடிக்கும் தாள் மாதிரி இருக்கிறது. ஜி10 என்கிற கண்ணாடி இழைப் பிடிக்கு இந்த வியாதி கிடையாது. ஆனால் சிலர் அதைச் சொரசொரப்பாக விட்டு, மேலே கிளிப்பையும் இறுக்கிவிடுகிறார்கள். உருவும் ஒவ்வொரு தடவையும் சட்டைப்பை கொஞ்சம் அரைபடும். இரண்டு கால்சட்டை போனது எனக்கு.

கிளிப்பைப் பிடித்திருக்கும் திருகாணிகள் நட்சத்திரத் தலை கொண்டவை, பெரும்பாலும் டி6 அளவு. வீட்டில் இருக்கும் திருப்புளி எதுவும் உதவாது. கிளிப்பை இடப்பக்கம் மாற்ற ஓட்டை வைக்காத மாதிரிகளும் உண்டு. லைனர் லாக்கை மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகும்வரை மெதுவாக மூடுங்கள்.

அப்புறம் அதன் தோற்றம். முழுக்கக் கறுப்பு, கோணல் முனை, ராணுவப் பெயர். பார்சல் அட்டை அறுக்கும்போது கறுப்புப் பூச்சு ஒரு மாதத்தில் கீறல் கீறலாகப் போகும். அதைவிடப் பெரிய விஷயம், ஃபெரியில் அந்தக் கிளிப் வெளியே தெரிந்தால் பக்கத்தில் உட்காரும் பாட்டி கைப்பையை இழுத்து அணைத்துக்கொள்கிறார். போலீஸ் சோதனையில் "பழம் வெட்டத்தான்" என்று சொல்லும்போது நம் குரலே நமக்கு நம்பிக்கையாக ஒலிக்காது.

## கட்டர்: யாரும் ஆசைப்படாத கத்தி

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் அலகு 1956-இல் ஒசாகாவில் பிறந்தது. செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடியின் புதிய விளிம்பால் வெட்டுவதையும், கட்டம் கட்டமாக ஒடியும் சாக்லேட்டையும் சேர்த்து யோசித்துச் செய்தார் ஒகாடா யோஷியோ. அவருடைய நிறுவனம்தான் ஓல்ஃபா. பார்சல், கயிறு, அட்டைப்பெட்டி என்று வேலை அவ்வளவுதான் என்றால் மேலே சொன்ன மூன்றையும் மறந்துவிட்டு இதை வாங்குங்கள். துருப்பிடித்தால் ஒடித்துவிடலாம், தீட்டும் பேச்சே இல்லை. பழத்துக்கு மட்டும் ஆகாது. ஒடித்த துண்டுகளை ஒரு பழைய மில்க் டின்னில் போட்டு மூடி எறியுங்கள், குப்பை எடுக்க வருகிறவரின் கையை நினைத்து.

## ஒரே பார்வையில்

| | ஒபினெல் (இனாக்ஸ்) | விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. | கிளிப் கத்தி (டி2) | கட்டர் |
|---|---|---|---|---|
| ஈரம் | அலகு தாங்கும், பிடி உப்பும் | தாங்கும் | புள்ளி விழும் | மாற்றிவிடலாம் |
| பழம், காய் | மிக நன்று | நன்று | பிளக்கும் | ஆகாது |
| தீட்டுவது | எளிது | மிக எளிது | வைரத் தகடு வேண்டும் | தேவையில்லை |
| ஒரு கை | முடியாது | முடியாது | முடியும் | முடியும் |
| பூட்டு | உண்டு | இல்லை | உண்டு | மாதிரியைப் பொறுத்தது |
| பார்ப்பவர் மனம் | சமையலறை | சுற்றுலா | சந்தேகம் | ஸ்டோர் வேலை |
| மறைமுகச் செலவு | மெழுகு, ஒரு ஞாயிறு | மாதாந்திரக் கழுவல் | திருப்புளி, தகடு, கால்சட்டை | மாற்று அலகுகள் |

எதை வாங்கினாலும் தோல் உறைக்குள் போட்டுக் கிடப்பில் வைக்காதீர்கள். நம் ஊரில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சை பூக்கும். உள்ளே இருக்கும் கத்தியும் சேர்ந்து கெடும். பழைய துணியில் சுற்றி, காற்றாட வையுங்கள். கோலாலம்பூருக்கு விமானத்தில் போவதாக இருந்தால் முதல் நாளே கைப்பையைத் துழாவிப் பார்த்துவிடுங்கள். என் இழுப்பறையில் பன்னிரண்டாவதாக இருந்திருக்க வேண்டிய கத்தி அப்படித்தான் போனது.

## மூவருக்கும் சொன்னது

பெரியவருக்கு ஒபினெல், கட்டாயம் துருவேறா அலகு. மெழுகு வேலையை நானே செய்து கொடுத்துவிட்டேன். அவர் வெற்றிலைக் காம்பு கிள்ளவும் பாக்கு சீவவும் வைத்திருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறார். பாக்குச் சீவல் அந்த மெல்லிய அலகுக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் அவரிடம் யார் சொல்வது?

புக்கிட் மெர்தாஜாம் தங்கைக்கு விக்டோரினாக்ஸ், கருவிகள் குறைந்த மாதிரி. நகக்குழி கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். அலகின் மூட்டில் ஒரு சொட்டு பாரஃபின் விடச் சொன்னேன், கொஞ்சம் இளகியிருக்கிறதாம். காரில் அதைப் பழ டப்பாவோடு சேர்த்தே வைத்திருக்கிறார். அதுவும் நான் சொல்லித்தான்.

அக்கா மகனுக்கு, அவன் வேலைக்குக் கட்டர் போதும் என்றேன். ஏணி ஏறும் வேலை இருந்தால் கிளிப் கத்தி வாங்கு, கறுப்பு வேண்டாம், ரம்பப்பல் வேண்டாம், டி2 வேண்டாம் என்று மூன்று தடவை படித்துப் படித்துச் சொன்னேன். கறுப்பில், பாதி ரம்பப்பல்லோடு, டி2-வில் வாங்கிவந்து காட்டினான். பிடியை மட்டும் ஜி10-இல் எடுத்திருந்தான், அந்த ஒன்றையாவது கேட்டானே என்று பேசாமல் இருந்தேன். நேற்று அழைத்து, "மாமா, கிளிப் ஆடுது, டி6 திருப்புளி இருக்கா?" என்றான். இருக்கிறது. வைரத் தகட்டையும் சேர்த்தே எடுத்து வைத்திருக்கிறேன்.